மூன்றாவது ரவுண்டில் உட்கார்ந்தவருக்கு

நாகல் நகர்,
திண்டுக்கல்.
ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

மாமா, பரணி அக்கா நடிக்கவில்லை, நடிக்கவே இல்லை, அவள் காலுக்குள்ளே ஊசியை விட்டு மெஷினில் நம்பரே பார்த்துவிட்டார்கள், பெரிய டாக்டர் தன் வாயால் சொன்னார், நான் பக்கத்திலேயே நின்றேன்!

செய்தியை முதலில் சொல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. இனிமேல் முறைப்படி ஆரம்பிக்கிறேன். அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து மலைச்சாமி மாமாவுக்கு, உங்கள் தங்கை அழகம்மாளின் கொழுந்தன் மகள் இசைவாணி எழுதுவது. இங்கே ஒரு கால் நீங்கலாக நாங்கள் எல்லாரும் சுகம். ஓசூரில் நீங்களும் அத்தையும் மதன்குமாரும், உங்கள் கம்பெனி கேண்டீனில் சாப்பிடுகிற முந்நூறு பேரும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். தாளில் கடிதம் எழுதுவது எனக்கு இது இரண்டாவது தடவை. முதல் தடவை பத்தாம் வகுப்புப் பரீட்சையில், பிறந்தநாள் பரிசு அனுப்பிய மாமாவுக்கு நன்றி சொல்லி எழுதினேன். அந்த மாமாவுக்கு முகவரி கிடையாது, ஐந்து மதிப்பெண் மட்டும் உண்டு. உங்களுக்கு முகவரி இருக்கிறது, ஆனால் பதில் வராது. வாட்ஸ்அப்பில் பதினோரு மெசேஜ் அனுப்பினேன். பதினொன்றுக்கும் நீல டிக் விழுந்தது, ஒன்றுக்கும் நீங்கள் வாய் திறக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், மாமா. அந்த இடத்துக்கு வருவேன், தப்பி ஓட மாட்டேன். தாளில் நீல டிக் கிடையாது, நீங்கள் படித்தீர்களா, பாதியில் மடித்து வைத்தீர்களா என்று எனக்குத் தெரியவே தெரியாது. அதனால் தயவுசெய்து முழுசாகப் படித்துவிடுங்கள்.

உங்கள் தங்கை மகள் பரணி அக்கா ஓடுவாள் என்று உங்களுக்குத் தெரியும். எப்படி ஓடுவாள் என்று தெரியாது, ஏனென்றால் நீங்கள் திண்டுக்கல் பக்கமே வருவதில்லை. நான் சொல்கிறேன். மைதானத்தில் மற்றவர்கள் ஓடினால் காலடிச் சத்தம் கேட்கும், அக்கா ஓடினால் கேட்காது. மூச்சுச் சத்தம் மட்டும்தான், அதுவும் பக்கத்தில் போனால்தான். இதை முதல்முதலாகக் கேட்டபோது, அதாவது கேட்காமல் போனபோது, நான் ஒன்பதாம் வகுப்பு. அன்றைக்கே 'பரணி எக்ஸ்பிரஸ்' என்று ஒரு பக்கம் ஆரம்பித்துவிட்டேன். இன்றைக்கு அதில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், அதில் நான்கு பேர் நானே. வீடியோ வெட்டுவது, பாட்டு ஒட்டுவது, ஒவ்வொரு ரவுண்டுக்கும் எத்தனை செகண்ட் என்று போனில் குறிப்பது எல்லாம் யாரும் சொல்லித்தராமல் நானே கற்றுக்கொண்டது. அக்கா அந்தப் பக்கத்துக்கு இதுவரை ஒரு லைக் கூடப் போட்டதில்லை. பரவாயில்லை. ஓடுகிறவளுக்கு லைக் போட எங்கே நேரம்?

வினை போன ஆகஸ்ட்டில் மாவட்டப் போட்டியில் ஆரம்பித்தது. ஐயாயிரம் மீட்டர், பன்னிரண்டரை ரவுண்டு. நான் லைவ் போட்டுக்கொண்டிருந்தேன், அறுபத்து மூன்று பேர் பார்த்தார்கள். ஐந்து ரவுண்டு வரைக்கும் அக்காதான் முதல். ஆறாவதில் ஒரு சத்தம் கேட்டது மாமா, அக்காவின் காலில் சத்தம், வலது பாதம் மட்டும் தரையில் சப் சப்பென்று ஈரத்துணி மாதிரி அடித்தது. நான் அறுபத்து மூன்று பேரிடமும், "இது அக்காவோட தந்திரம், எல்லாரையும் முன்னாடி விட்டுட்டுக் கடைசி ரவுண்டுல தூக்குவா பாருங்க" என்று அடித்துச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அக்கா ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கோச் கிளெமென்ட் சார் விசிலைக் கடித்தபடியே ஓடி வந்தார். "என்னம்மா ஆச்சு?" என்றார். "காலு கட்டியாப் பிடிச்சிருச்சு சார். பாதம் என்னோடது மாதிரியே இல்ல" என்றாள் அக்கா. அவர் வலிக்கு அடிக்கிற ஸ்பிரேயை ஒரு டப்பா முழுக்க அடித்தார், பக்கத்தில் நின்ற எனக்கே காய்ச்சல் விட்டுப்போகிற அளவுக்கு வாசம். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இருபதாவது நிமிடம் அக்கா எழுந்து, கை கால் உதறி, நேராகப் போய் மாங்காய் வண்டி வரிசையில் நின்று, மிளகாய்ப்பொடி கூடப் போடச் சொல்லி வாங்கித் தின்றாள். அதை சார் பார்த்துவிட்டார். "ஏம்மா, கட்டியாப் பிடிச்ச காலு எங்க? மாங்காயப் பாத்ததும் கரைஞ்சிருச்சோ? நடிப்புக்கு ஒரு மெடல் இருந்தா அதுல நீதான் தங்கம்" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அக்கா கையில் இருந்த மாங்காயைத் திருப்பி வண்டிக்காரரிடமே கொடுத்துவிட்டாள்.

இப்போது அந்த இடம் வந்துவிட்டது, மாமா. அன்றைக்குச் சாயங்காலம் எனக்குக் கோபம். அக்கா மேலே இல்லை, அறுபத்து மூன்று பேர் முன்னால் நான் சொன்னது பொய்யாகப் போனதே, அதனால். நம் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். பாதியில் எதை விட்டாலும், படிப்போ பாத்திரம் கழுவுவதோ தட்டில் சோறோ, "மலைச்சாமி மாதிரி மூணாவது ரவுண்டுல உக்காந்துராத" என்பார்கள். நீங்கள் பட்டாளத்துக்கு ஆளெடுக்கும்போது இதே திண்டுக்கல்லில் நாலு ரவுண்டு ஓடப் போய், மூன்றாவதில் பயந்து உட்கார்ந்துவிட்டீர்கள் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததே கிடையாது, அது ஒரு ஆள் என்றே தோன்றவில்லை, வெறும் வாக்கியம் என்றுதான் இருந்தது. அழகம்மாள் பெரியம்மாவின் ஆல்பத்தில் நீங்கள் ஸ்டுடியோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற படத்தைப் பிடித்து, உங்களை மட்டும் வெட்டி, மைதானத்தில் அக்கா பக்கத்தில் உட்கார வைத்து, 'மூணாவது ரவுண்டு மாமன், ஆறாவது ரவுண்டு மருமக, ரத்தம் பேசுது' என்று எழுதிக் குடும்பக் குரூப்பில் போட்டேன். இருபத்து நான்கு பேர் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் நீங்கள் குரூப்பை விட்டு வெளியே போனதாக ஒரு சின்னச் சாம்பல் வரி வந்தது. அதைப் போட்டது நான்தான், மாமா. இசைவாணிதான். அப்புறம் வீடு வீடாகப் போய் எல்லார் போனிலும் அழித்துவிட்டேன். ஒச்சாயி சித்தி மட்டும் அதை ஸ்டேட்டஸாகவே வைத்திருந்தார், போனைப் பிடுங்கி அழித்தேன். என் மூளையில் இருந்து மட்டும் அழிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பயிற்சியிலும் அதே கதை. பத்து நிமிடம் நன்றாக ஓடுவாள், பதினொன்றில் முழங்காலுக்குக் கீழே முன்பக்கச் சதை இறுகும், பன்னிரண்டில் பாதம் மரத்துப்போய் சப் சப். நின்றால் இருபது நிமிடத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிடும். இங்கேயே இரண்டு டாக்டரைப் பார்த்தோம். டாக்டர் என்றால் டோக்கன் இருக்கும், டோக்கன் என்றால் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும், இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அக்காவின் கால் பூ மாதிரி ஆகிவிடும். உள்ளே போனால், "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்பார்கள், "இப்ப வலிக்கல சார்" என்பாள் அக்கா. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு பிரமாதம். ஸ்கேன் எடுத்தால் சதை பிரமாதம். ஒருவர் கால்சியம் மாத்திரை கொடுத்தார், இன்னொருவர், "பரீட்சை ஏதும் வருதாம்மா?" என்று கேட்டுச் சிரித்தார். அப்புறம் நான் நெட்டில் தேட ஆரம்பித்தேன். நானே கற்றுக்கொண்டவள் இல்லையா? முதல் வாரம் அது நரம்புச் சுருட்டல் என்று கண்டுபிடித்தேன். இரண்டாவது வாரம் இடுப்பு நரம்பு. மூன்றாவது வாரம் எலும்பில் வருகிற ஒரு பயங்கரமான வியாதி, பெயரை எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை, ஆனால் பக்கத்தில் போடும்போது கை நன்றாகவே வந்தது. 'அக்காவுக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள்' என்று போட்டேன். ஒருத்தர் 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதி மாலை படமும் போட்டார். அக்கா அப்போது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பெரியம்மாவுக்கு என் ஆராய்ச்சியில் நம்பிக்கை போய்விட்டது. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை வருவதாக வேண்டிக்கொண்டார். யார் நடப்பது? காலில் வலி இருக்கிறவள்தான் நடக்க வேண்டும், அதுதானே முறை. கால் வலிக்கிறவளை அறுபது கிலோமீட்டர் நடக்க வைத்துக் கால் வலியைச் சரி பண்ணுவது என்று பச்சை வேட்டி, பச்சைச் சேலை கூட்டத்தோடு அக்காவும் பெரியம்மாவும் கிளம்பினார்கள், நான் வீடியோ எடுக்கப் போனேன். ரெட்டியார்சத்திரம் தாண்டும்போதே எனக்குக் கொப்புளம். ஒட்டன்சத்திரத்தில் பந்தலில் சாப்பாடு போட்ட ஒரு அக்கா என் காலைப் பார்த்து, "ஏனுங்க அம்மணி, உனக்காகத்தான் வேண்டுதலுங்களா?" என்று கேட்டார். ஆனால் பரணி அக்காவுக்கு ஒன்றுமே ஆகவில்லை, மாமா. மெதுவாக நடந்தால் அந்தச் சதைக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்று இப்போது தெரிகிறது, அப்போது எங்களுக்குத் தெரியாது. பெரியம்மா மலையடிவாரத்திலேயே அழுதுவிட்டார், முருகன் சரி பண்ணிட்டான் என்று. ஊருக்கு வந்த நாலாவது நாள் அக்கா மைதானத்தில் இறங்கினாள். ஆறாவது ரவுண்டில் சப் சப். உட்கார்ந்துவிட்டாள்.

அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. வேண்டுதல் வேண்டுதலாக இல்லாமல் சாட்சியாகப் போய்விட்டது. "பழனி வரைக்கும் நடந்தவளுக்கு ரெண்டு கிலோமீட்டர் ஓட முடியாதா? கால்ல வலியில்ல, மனசுல விருப்பம் இல்ல" என்று கிளெமென்ட் சார் காலேஜ் டீம் பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிட்டார். பெரியம்மாவும், "முருகனே சரி பண்ணின பொறவும் உக்காருறான்னா, இது உன் மாமன் ரத்தம்டி" என்று சொல்லிவிட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள், அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அக்கா எழுந்து போனாள். முள் வைத்த ஷூ இரண்டையும் கழுவிக் காய வைத்து, பெரியம்மாவின் தையல் மெஷின் மேலே வைத்தாள். ஒரு வாரத்தில் பெரியம்மா அதற்குள்ளே நூல்கண்டுகளைப் போட ஆரம்பித்துவிட்டார். இடது ஷூவில் சிவப்பு, மெரூன். வலது ஷூவில் மற்றதெல்லாம். இரண்டாவது மெஷின் ஒன்று வாங்கினால் அக்காவும் பிளவுஸ் தைக்கலாம் என்று பேச்சு வந்தது. அக்கா, "சரிம்மா" என்றாள். அந்தச் சரியைக் கேட்டபோதுதான் மாமா, எனக்கு முதல் தடவையாக நிஜமாகவே பயம் வந்தது.

நெட்டில் திரும்பவும் தேடினேன். இந்தத் தடவை வியாதியின் பெயரைத் தேடாமல், நடப்பதை அப்படியே எழுதினேன்: ஓடினால் இறுகும், நின்றால் சரியாகும், பாதம் மரக்கும், எக்ஸ்ரே நல்லா இருக்கும். வந்தது மாமா, வரிக்கு வரி அக்கா. நாள்பட்ட கம்பார்ட்மெண்ட் சிண்ட்ரோம். ஏற்கெனவே மூன்று தடவை வேறு வியாதி சொன்னவள் என்பதால் யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அதில் ஒன்று போட்டிருந்தது, கால் வலிக்கிற நேரத்தில் பார்த்தால்தான் தெரியும் என்று. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நாங்கள் இத்தனை நாளாக டாக்டரிடம் கூட்டிப் போனது வேறு காலை! வலிக்கிற கால் எப்போதும் மைதானத்திலேயே தங்கிவிடுகிறது, டோக்கன் வரிசையில் உட்காருவது வலிக்காத கால்.

மதுரையில் விளையாட்டுக்காரர்களின் காலைப் பார்க்கிற டாக்டர் சபிஹா வியாழக்கிழமை உட்காருவார் என்று தெரிந்தது. கடைசியாக ஒரே ஒரு தடவை என்று பெரியம்மாவின் காலைப் பிடித்து, மூன்று பேரும் போனோம். டோக்கன் பதினேழு. நான் உள்ளே உட்காருவது, பதினாலாவது டோக்கன் போனதும் போன் அடிப்பது, அக்கா வெளியே தெருவைச் சுற்றி ஓட ஆரம்பித்து, பதினேழைக் கூப்பிடும்போது வலியோடு உள்ளே வந்து நிற்பது. இதுதான் திட்டம். பதினைந்தாம் நம்பர் ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டு ஒரு நிமிடத்தில் வெளியே வந்தார், எனக்கு உயிரே போய்விட்டது. பதினாறாம் நம்பர் உள்ளே போனவர் வரவே இல்லை. முக்கால் மணி நேரம். அக்கா ஓடி, வலி வந்து, வலி போய், வியர்வையும் காய்ந்து, வாசலில் நின்று, "ஏய், என்னடி?" என்று கேட்டாள். "அக்கா, திரும்ப ஓடு" என்றேன். பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். அவள் தெருமுனை திரும்பியதும் கதவைத் திறந்து, "பதினேழு!" என்று கத்தினார்கள். நான் என்ன செய்ய? விட்டால் பதினெட்டு போய்விடும். நானே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர், "எங்க வலிக்குது?" என்றார்.

"இன்னும் வரல டாக்டர்" என்றேன்.

"எது வரல?"

"காலு."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அட்டெண்டர் அண்ணன் என் தோளைத் தொட்டு, "எந்திரிம்மா" என்றார். நான் எழாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அக்கா, ஆறாவது ரவுண்டு, மாங்காய், பழனி, நூல்கண்டு எல்லாவற்றையும் கால் மணி நேரம் நிறுத்தாமல் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே கலவரம். அக்கா தெருவில் ஓடுவதைப் பார்த்து, யாரோ துரத்துகிறார்கள் என்று பைக்கில் இரண்டு பேர் காப்பாற்றக் கூடவே வந்திருக்கிறார்கள். "யாரும்மா தொரத்துறா? சொல்லு, நாங்க இருக்கோம்!" என்று கேட்க, அக்கா, "டாக்டர்கிட்டப் போறேண்ணே" என்று சொல்ல, "ஒடம்பு சரியில்லாமயா இப்பிடி ஓடுற? ஏறும்மா வண்டியில" என்று கெஞ்ச, இவள் ஏறினால் வலி போய்விடுமே என்று இன்னும் வேகமாக ஓட, ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க ஒரே கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவே அந்தச் சத்தம் கேட்டது. சப். சப். சப். டாக்டர் சபிஹா தலையை நிமிர்த்தினார். "அந்தப் பொண்ண உள்ள விடுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார், வராந்தா அடங்கிவிட்டது.

அக்காவைப் படுக்க வைத்துக் காலை அழுத்திப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கே" என்றார். ஏழு மாதமாக யாரும் அந்தக் கால் வலிக்கும்போது தொட்டுப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும்தான். ஏழு மாதமாக வீடியோ எடுத்திருக்கிறேன், தொட்டதில்லை. "அம்மா யாரு? வாங்க, தொட்டுப் பாருங்க" என்றார் டாக்டர். பெரியம்மா தொட்டார். இஸ்திரிப் பெட்டியைத் தொட்ட மாதிரி கையை வெடுக்கென்று எடுத்தார். வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தவர்தான், பஸ் ஏறி, சின்னாளபட்டி தாண்டி, வீடு வருகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. மகளைச் சந்தேகப்பட்டோமே என்று வருத்தம்போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுபடி ஒரு நாள் வரச் சொல்லி ஊசி போட்டுப் பார்த்தார்கள். காலுக்குள்ளே அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் மெஷின். சும்மா இருக்கும்போது பதினெட்டு. ஓடி நின்று ஒரு நிமிடத்தில் ஐம்பத்திரண்டு. முப்பது தாண்டினாலே வியாதிதான் என்றார். அக்கா அந்த ஐம்பத்திரண்டைப் பார்த்து அழுதாள், மாமா. மெடல் வாங்கியபோதுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. "நம்பர் இருக்குல்ல? எழுதிக் குடுப்பீங்கள்ல?" என்று இரண்டு தடவை கேட்டாள். சதை கட்டுக் கட்டாக இருக்குமாம், ஒவ்வொரு கட்டுக்கும் மேலே ஒரு உறை இருக்குமாம். ஓடும்போது ரத்தம் பாய்ந்து சதை பெருக்கும், உறை இடம் கொடுக்க வேண்டும். அக்காவின் உறை இடம் கொடுக்காது, உள்ளே நரம்பு நெரிபடும். நின்றால் சதை வடிந்து எல்லாம் சரியாகிவிடும். அந்த உறையை நீளவாக்கில் கீறிவிட்டால் போதும், மூன்று நாலு மாதத்தில் ஓடலாம், பெரும்பாலும் நல்லபடியாகத்தான் ஆகும், சிலருக்கு மட்டும் திரும்ப வரலாம் என்று மறைக்காமல் சொன்னார். "ஆபரேஷன் வேண்டாம்னா ஓடாம இருக்கணும். ஓடாம இருந்தா இந்தக் காலால வாழ்க்கை முழுக்க ஒரு தொந்தரவும் வராது" என்றார். அக்கா, "அப்ப அந்தக் காலு எதுக்கு டாக்டர்?" என்று கேட்டாள்.

அடுத்துப் பேசியது பெரியம்மாதான், தையல்காரியாக. "பிளவுஸ் கை டைட்டா இருந்தா தையலப் பிரிச்சு விடுற மாதிரியா டாக்டர்?" என்றார். "அதேதாம்மா" என்றார் டாக்டர். "உள்ள துணி விட்டிருக்கணும்ல? இல்லாட்டி எத வச்சு எட்டத் தைப்பீங்க?" "உறையத் தைக்க மாட்டோம்மா. மேல தோல மட்டும் தைப்போம்." பெரியம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "இருபது வருசமாத் தைக்கிறேன். பிரிச்சு விட்டுட்டு அப்பிடியே குடுத்தா எந்தக் கஸ்டமர் வாங்குவா?" என்று கேட்டார். டாக்டர் சிரிக்காமல், "இந்தக் கஸ்டமர் வாங்குவா போல" என்று அக்காவைக் காட்டினார். கிளெமென்ட் சாரிடம் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஐம்பத்திரண்டு என்ற இடத்தில் விரலை வைத்து இரண்டு தடவை படித்தார். சாயங்காலம் வீட்டுக்கே வந்து, மெஷின் மேலிருந்த ஷூவில் இருந்து நூல்கண்டை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "டீம்ல பேரு இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆக, ஆபரேஷன் இருபத்திரண்டாம் தேதி. எல்லாரும் சரி என்றாயிற்று. பெரியப்பா லாரியில் ஆந்திரா போயிருக்கிறார், போனில், "உங்க பெரியம்மா சொன்னாச் சரி" என்றார். பெரியம்மா மட்டும், "அண்ணன் சம்மதம் சொல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். "அண்ணன்தான் போனையே எடுக்கலயே" என்றால், "அப்ப எழுது" என்கிறார். உங்களைக் குரூப்பை விட்டு விரட்டியவளே உங்களிடம் சம்மதம் கேட்கும்படி ஆகிவிட்டது. நான் மீம் போட்டதற்கு அக்காவின் காலில் தண்டனை விழக்கூடாது, மாமா. என்னோடு பேச வேண்டாம், ஆயுசு முழுக்கப் பேச வேண்டாம். பெரியம்மாவுக்கு ஒரு போன் போட்டு 'சரி' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை பக்கம்.

அத்தைக்கு என் வணக்கம். மதன்குமாருக்கு என் முத்தம், அவனுக்கு ஓடப் பிடிக்குமா என்று கேட்டு எழுதுங்கள். உங்கள் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்
இசைவாணி

பின்குறிப்பு: மேல எழுதுனத எல்லாம் விட்டுருங்க மாமா. உங்க சம்மதம் வேணாம். இனிமே எனக்கு இலக்கணமா எழுதவும் வரல. கவர ஒட்டுறதுக்கு முன்னாடி உங்க கதவு நம்பர் சரியான்னு பெரியம்மாகிட்டக் காட்டுனேன். அவங்க மெஷின்ல உக்காந்து மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிச்சாங்க. படிச்சிட்டு, "இம்புட்டு எழுதுன, கேக்க வேண்டியதக் கேக்கலயேடி"ன்னு சொல்லி, மெஷின் டிராயரத் தொறந்து ஒரு தாள எடுத்தாங்க. ஆஸ்பத்திரி ஃபாரம். வியாழக்கிழமையே கையெழுத்துப் போட்டு வச்சிருக்காங்க. அண்ணன் சம்மதம்னு சொன்னதெல்லாம் உங்க குரலக் கேக்க ஒரு சாக்கு.

நீங்க ஓடுன அன்னைக்கு பெரியம்மாவும் மைதானத்துல இருந்தாங்களாமே, உங்க செருப்பையும் தண்ணி பாட்டிலையும் வச்சுக்கிட்டு. பதிமூணு வயசாம். நீங்க மூணாவது ரவுண்டுல உக்காந்ததும் ஓடி வந்தாங்களாம். நீங்க, "அழகு, என் காலத் தொட்டுப் பாரு, கல்லு மாதிரி இருக்கு"ன்னு சொன்னீங்களாம். சுத்தி இருந்த பயலுக எல்லாம் சிரிச்சானுக, அவங்களுக்கு வெக்கமாப் போச்சு, தொடாமத் திரும்பிப் போயிட்டாங்க. கையில இருந்த செருப்போடயே போயிட்டாங்க. நீங்க பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வெறுங்கால்ல நடந்து போனீங்களாம். மதுரையில டாக்டர் அதே வார்த்தையச் சொன்னப்ப உங்க குரல் கேட்டுச்சாம். அதான் பெஞ்சுல போயி உக்காந்துட்டாங்க. உங்களுக்கும் அதே வியாதியான்னு டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, நான் ஏற்கெனவே மூணு வியாதி தப்பாச் சொன்னவ. ஆனா கல்லு மாதிரி இருந்துச்சுன்னு நீங்க சொன்னீங்கள்ல, அத நாங்க இப்ப நம்புறோம் மாமா. அம்புட்டுதான் சொல்லணும்.

இருபத்திரண்டாம் தேதி ஆபரேஷன். அத்தையையும் மதன்குமாரையும் கூட்டிக்கிட்டு மொத நாளே வந்துருங்க. இந்தக் கடிதத்துல ஷேர் பட்டன் இல்ல, அதனால கையாலயே அத்தைகிட்டக் குடுங்க, மதன்குமாருக்கு வாசிச்சுக் காட்டுங்க, மூணாவது ரவுண்டு கதை எட்டுன எடத்துக்கெல்லாம் இதுவும் எட்டணும். பதில் எழுத கீழ பாதிப் பக்கம் வெறுமையா விட்டிருக்கேன், இல்லாட்டி நேர்ல வந்து சொல்லுங்க. ஒரு நாள் காலைல மைதானத்துல உங்களுக்கு முடிஞ்ச ரவுண்டு வரைக்கும் ஓடுங்க. எங்க உக்காந்தாலும் பெரியம்மா வந்து தொட்டுப் பாப்பாங்களாம்.

செருப்ப அவங்ககிட்டயே குடுங்க. இந்தத் தடவ எடுத்துட்டுப் போக மாட்டாங்களாம்.